எல்லாப்பிரகட சுப்பாராவ்: வாரம் ஒரு முறை உண்ணும் மாத்திரையின் வரலாறு

ஆர்.கே.பேட்டை வட்டத்திலிருந்து பெருநோய்களுக்கு உயர் சிகிச்சை நாடிச் சென்னைக்குச் செல்வோரில் பலர், பேருந்தில் திருத்தணியை அடைந்து, அங்கிருந்து அரக்கோணம் வழியாகச் செல்லும் ரயிலில் சென்ட்ரல் நிலையத்தில் இறங்குகின்றனர். நிலையத்துக்கு எதிரே இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை உள்ளது. அதனோடு இணைந்தது சென்னை மருத்துவக் கல்லூரி. அங்கும், எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலும், வேலூரிலும், காஞ்சிபுரத்திலும் எழுதப்படும் மருந்துச் சீட்டுகளில் மெதோட்ரெக்சேட் என்னும் பெயர் அடிக்கடி காணப்படுகிறது. ரத்தப் புற்றுநோயுள்ள குழந்தைக்கு அது தரப்படுகிறது. முடக்குவாதத்தால் விரல் மூட்டுகள் வீங்கித் தறியில் அமர இயலாத நெசவாளருக்கும் அதே மருந்து, மிகக் குறைந்த அளவில், தரப்படுகிறது.

இம்மருந்தை வாங்கிச் செல்லும் குடும்பத்தினர் மூன்று கேள்விகளைக் கேட்கின்றனர். மற்ற மாத்திரைகள் நாள்தோறும் இருக்க, இதை மட்டும் வாரத்துக்கு ஒரு நாள் உண்ணச் சொல்வது ஏன்? மூட்டு நோய்க்கு இதைத் தரும்போது வேறொரு நாளில் ஃபோலிக் அமில மாத்திரையையும் சேர்த்துத் தருவது ஏன்? குழந்தை நன்றாக ஓடி விளையாடத் தொடங்கிய பின்னும் மாதக்கணக்கில் மருந்தைத் தொடரச் சொல்வது ஏன்? இம்மூன்றுக்கும் விடை ஒரு மனிதரின் வாழ்க்கைக்குள் அடங்கியிருக்கிறது. அவர் அந்தச் சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே பயின்றவர். தாய்மொழி தெலுங்கு. 1960ஆம் ஆண்டு வரை சித்தூர் மாவட்டத்தோடு இருந்து, இன்றும் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும் இப்பகுதியினருக்கு எல்லாப்பிரகட என்னும் குடும்பப் பெயரை உச்சரிப்பதில் தயக்கம் இராது.

இளமையும் இழப்பும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். வசதி குறைந்த, பிள்ளைகள் நிறைந்த குடும்பம். பதின்மூன்று வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டலாம் என்னும் எண்ணத்தோடு வீட்டை விட்டு ஓடினார். வழியிலேயே பிடித்துக் கொண்டுவரப்பட்டார். தந்தையின் மறைவுக்குப் பின் குடும்பத்தைத் தாங்கிய தாயார் வெங்கம்மா, மகன் படித்தே ஆகவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதி வென்றார். பின்னர் மாநிலக் கல்லூரி. அக்காலத்தில் இராமகிருஷ்ண மடத்தின்பால் ஈர்க்கப்பட்டுத் துறவியாக விரும்பினார், தாயார் இசையவில்லை. மருத்துவம் பயின்றால் தொண்டும் செய்யலாம், தாயின் சொல்லையும் காக்கலாம் என்னும் அறிவுரையின் பேரில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கேயும் அவர் பாதை நேராக அமையவில்லை. காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவை சிகிச்சைக் கூடத்தில் அயல்நாட்டுத் துணிக்கு மாறாகக் கதர் அங்கி அணிந்தார். துறைப் பேராசிரியரின் சினத்துக்கு அது இலக்காயிற்று. படிப்பின் முடிவில் எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக, அதனினும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கு முயன்றும் இடம் கிடைக்கவில்லை. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறியல் கற்பித்து வந்தார்.

இதற்கிடையில் அவர் வீட்டில் நிகழ்ந்த ஒன்றை இங்கே சற்று விரிவாகக் கூற வேண்டும். அவருடைய சகோதரர் இருவர், சில நாள் இடைவெளியில், ஸ்ப்ரூ என்னும் நோயால் இறந்தனர். இது வெப்ப நாடுகளில் அன்று பரவலாக இருந்த குடல் நோய். வயிற்றுப்போக்கு நிற்காமல் நீடிக்கும். உண்ட உணவின் சத்தைக் குடல் உறிஞ்சாது. நாக்கு சிவந்து புண்ணாகும். ரத்தம் வற்றி உடல் உருக்குலையும். நோயின் காரணம் அன்று தெளிவாகத் தெரியவில்லை. உறுதியான மருந்தும் இல்லை. மருத்துவம் படித்த ஒருவர் தம் உடன்பிறந்தார் இருவரையும் காப்பாற்ற இயலாமல் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. நோயாளியின் அருகில் அமர்ந்து பணிவிடை செய்வோர் அந்த நிலையை எளிதில் உணர்வர்.

பாஸ்டன் நகரில்

மாமனாரின் துணையும் காக்கிநாடாவைச் சேர்ந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் உதவியும் கொண்டு, 1920களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்கா சென்றார். 1919இல் அவரை மணந்த சேஷகிரி அம்மையார் தாயகத்திலேயே தங்கினார். சில ஆண்டுகளில் திரும்பிவிடுவதாகவே எண்ணம். பிறகு பிறந்த ஆண் குழந்தை ஓராண்டு நிறையும் முன் தொற்றுநோயால் இறந்தது. தந்தை அக்குழந்தையைப் பார்க்கவே இல்லை. சுப்பாராவ் தாயகம் திரும்பவும் இல்லை. ஆராய்ச்சியாளரின் வாழ்க்கையைப் புகழ்ந்து எழுதுவோர் பெரும்பாலும் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். அந்த அம்மையார் கொடுத்த விலையும் இம்மருந்துகளின் கணக்கில் சேர்ந்ததே.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பட்டயம் பெற்றார். வயிற்றுப் பிழைப்புக்கு மருத்துவமனையில் இரவுப் பணியாளராக வேலை செய்து, நோயாளிகளின் சிறுநீர்க் கலங்களைக் கழுவினார். பின்னர் சைரஸ் ஃபிஸ்க் என்னும் உயிர்வேதியியல் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளக்க இவ்விருவரும் 1925இல் வெளியிட்ட முறை, ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்னும் பெயரோடு உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பல்லாண்டுகள் வழங்கியது. தசையில் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளை 1927இல் கண்டறிந்தனர். உயிரணுக்கள் ஆற்றலைச் செலவிடப் பயன்படுத்தும் ஏ.டி.பி. என்னும் மூலக்கூறை 1929இல் அறிவித்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பாரும் தனித்து அதனைக் கண்டார். பள்ளிப் பாடநூலில் ஏ.டி.பி. என்னும் மூன்று எழுத்துகளைப் படிக்கும் மாணவர் எவருக்கும் சுப்பாராவின் பெயர் சொல்லப்படுவதில்லை. 1930இல் முனைவர் பட்டம் கிடைத்தது. நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை.

அக்காலத்தில் அதே துறையில் ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் என்னும் இளைஞரும் ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவரைப் பற்றிப் பின்னர் காண்போம்.

ஃபோலிக் அமிலம்

1940இல் சுப்பாராவ் பல்கலைக்கழகத்தை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். விரைவில் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். தனி மனிதராகச் சோதனைக் குழாயோடு போராடியவர், இப்போது வேதியியலாளர், நுண்ணுயிரியலாளர், மருத்துவர் எனப் பலரை ஒரே நோக்கத்துக்காக இணைத்து நடத்தும் பொறுப்பை ஏற்றார். இதற்குப் பின் அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் குழுவின் உழைப்பால் ஆனவை. அவரும் தம் பெயரை முன்நிறுத்திக் கொண்டவர் அல்லர்.

ரத்தச் சோகையில் ஒரு வகைக்கு ஈரல் நல்ல மருந்து என்பது 1926 முதல் அறியப்பட்டிருந்தது. ஈரலில் உள்ள எந்தப் பொருள் அந்த வேலையைச் செய்கிறது என்பது தெரியவில்லை. இதற்கு முன்பே, லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் பம்பாயில் ஜவுளி ஆலைகளில் பணிபுரிந்த கருவுற்ற பெண்களிடையே கடும் ரத்தச் சோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாற்றினால் அது குணமாவதைக் கண்டிருந்தார். 1941இல் அமெரிக்காவில் வேறொரு குழுவினர் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து சிறிதளவு பொருளைப் பிரித்தெடுத்து, இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். கீரையிலிருந்தும் ஈரலிலிருந்தும் எடுத்தால் நோயாளிக்குப் போதுமான அளவு கிடைக்காது. லெடர்லி குழுவினர் 1945இல் அதனை ஆய்வுக்கூடத்திலேயே தொகுத்து உருவாக்கினர். அடுத்த ஆண்டில் அதன் வேதியியல் அமைப்பை முழுமையாக வெளியிட்டனர்.

அவ்வாறு கிடைத்த ஃபோலிக் அமிலத்தை மருத்துவர்கள் ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தபோது நாக்குப் புண் ஆறியது, பசி திரும்பியது, ரத்தம் ஊறியது. சகோதரர்களைப் பறித்த நோய்க்கு, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழித்து, மருந்து கிடைத்தது. இன்று கருவுற்ற தாய்மார்களுக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் வழங்கும் இரும்புச்சத்து மாத்திரையில் சேர்ந்திருப்பதும் இதே ஃபோலிக் அமிலம்தான். கருவின் மூளையும் தண்டுவடமும் குறையின்றி உருவாகவும் அது உதவுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ரத்தச் சோகை அனைத்துக்கும் ஃபோலிக் அமிலம் மருந்தன்று. வைட்டமின் பி12 குறைவால் ஏற்படும் சோகையில் இது ரத்தத்தை மட்டும் சீராக்கிக் காட்டும். நரம்புகளுக்கு ஏற்படும் சேதத்தைத் தடுக்காது. சுப்பாராவ் தேடிய ஈரல் பொருளே உண்மையில் பி12தான்; அது 1948இல் வேறு ஆய்வுக்கூடங்களில் பிரித்தெடுக்கப்பட்டது. தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. எனவே கை கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல் ஆகியவை இருப்பின் தாமாக ஃபோலிக் அமிலம் வாங்கி உண்ணாமல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

ஒரு தோல்வியும் அதன் மறுபக்கமும்

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்னும் நோயியல் மருத்துவர் பணியாற்றினார். ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் அக்காலத்தில் சில வாரங்கள் அல்லது சில மாதங்களே வாழ்ந்தனர். எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, நல்ல ரத்தம் உண்டாக இடமில்லாமல் செய்துவிடும். சோகை நோயில் மஜ்ஜையைச் சீராக்கும் ஃபோலிக் அமிலம் இங்கும் நன்மை செய்யக்கூடும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. லெடர்லியிலிருந்து ஃபோலிக் அமிலம் சார்ந்த சேர்மங்களைப் பெற்று ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்தார். விளைவு அச்சமூட்டியது. நோய் தணியவில்லை, மாறாக, மஜ்ஜையில் புற்றணுக்கள் மேலும் விரைந்து பெருகியதாகத் தோன்றியது.

அந்தத் தோல்வியைச் சரியாகப் படித்ததே பெரிய செயல். ஃபோலிக் அமிலம் புற்றணுவுக்கு உணவாகிறது என்றால், அந்த உணவை மறித்தால் புற்றணு பட்டினியால் வாடும் அல்லவா? சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில் ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமுடைய, ஆனால் அதன் வேலையைச் செய்யாத போலி மூலக்கூறுகள் ஏற்கெனவே உருவாக்கப்பட்டு வந்தன. அவற்றுள் ஒன்று, 1947இல் டோரிஸ் சீகரும் அவருடைய சக ஆய்வாளர்களும் உருவாக்கிய அமினோப்டெரின். அதனோடு சிறு மாற்றம் செய்து உருவானதே மெதோட்ரெக்சேட்.

இது செயற்படும் விதத்தை நெசவுத் தொழில் நடக்கும் ஊரினர்க்கு எளிதில் விளக்கலாம். பாவு எத்தனை கஜம் நீண்டிருந்தாலும், ஊடை நூல் தீர்ந்தால் தறி நின்றுவிடும். உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் மரபுப் பொருளான டி.என்.ஏ.வை முழுமையாக நெய்து முடிக்க வேண்டும்; அந்த நெசவுக்கு ஃபோலிக் அமிலத்திலிருந்து வரும் பொருள் ஊடை போன்றது. ஃபோலிக் அமிலத்தைப் பயன்படும் வடிவுக்கு மாற்றும் நொதியோடு மெதோட்ரெக்சேட் ஒட்டிக்கொண்டு விடாது. நொதி செயலிழக்கிறது, ஊடை வருவது நிற்கிறது, பிரிய முயலும் அணு பாதியில் நின்று மடிகிறது.

விரைந்து பிரியும் அணுக்களே இதனால் மிகுதியும் தாக்கப்படுகின்றன. புற்றணுக்கள் அவ்வகையின. ஆயினும் வாயின் உட்தோல், குடலின் உட்தோல், மஜ்ஜை ஆகிய நல்ல திசுக்களும் விரைந்து பிரிபவையே. மருந்து உண்ணும்போது வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, ரத்த அணுக்கள் குறைதல் ஆகியவை தோன்றுவதற்குக் காரணம் இதுவே. நல்ல திசுக்கள் மீண்டெழ இடைவெளி வேண்டும். வாரம் ஒரு முறை மட்டும் இதை உண்ணச் சொல்வதன் பொருள் அதுதான். மூட்டு நோய்க்கு வேறொரு நாளில் ஃபோலிக் அமிலம் தருவதும் அந்த நல்ல திசுக்களைக் காக்கவே. மருத்துவமனையில் உள்நோயாளிக்கு மிகுந்த அளவில் மெதோட்ரெக்சேட் செலுத்தும்போது, குறித்த மணி நேரத்தில் லியூகோவோரின் என்னும் மாற்று மருந்தை ஏற்றுவதும் அதே தத்துவத்தில்தான்.

1947ஆம் ஆண்டின் இறுதி நாட்களில் ஃபார்பர் முதன்முதலாக அமினோப்டெரினை ஒரு குழந்தைக்குச் செலுத்தினார். 1948 ஜூன் 3ஆம் நாள் வெளியான அவருடைய கட்டுரையில் 16 குழந்தைகளின் விவரம் இடம்பெற்றது. அவர்களில் 10 பேரிடம் முன்னேற்றம் காணப்பட்டது. கல்லீரலும் மண்ணீரலும் சுருங்கின, காய்ச்சல் தணிந்தது, படுத்த படுக்கையாய் இருந்தோர் எழுந்து நடந்தனர். ரத்தப் புற்றுநோயை மருந்தால் தணிக்க முடியும் என்பது முதன்முறையாக மெய்ப்பிக்கப்பட்டது.

ஆனால் அந்தத் தணிவு நிலைக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. இதனை மறைக்காமல் கூறுவது பராமரிப்போர்க்கு நன்மை பயக்கும். நோய் தணிவதும் நோய் தீர்வதும் ஒன்றல்ல. குழந்தை ஓடியாடும்போதும், ரத்தப் பரிசோதனை சீராக இருக்கும்போதும், கண்ணுக்குத் தெரியாத அளவில் புற்றணுக்கள் மஜ்ஜையிலும் மூளையைச் சூழ்ந்த திரவத்திலும் தங்கியிருக்கக்கூடும். பின்வந்த மருத்துவர்கள் இதனைக் கற்று, பல மருந்துகளைச் சேர்த்தும், தணிவுக்குப் பின்னும் நெடுங்காலம் தொடர்ந்தும் கொடுத்தனர். இன்று குழந்தைகளின் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீடிக்கிறது. வளர்ந்த நாடுகளில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட குழந்தைகள் நீண்ட நாள் வாழ்கின்றனர். நம் நாட்டிலும் சிகிச்சையை முறையாக முடிக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் நலம் பெற இயலும். பாதியில் நின்றுவிடுவதே நமது பெரும் இழப்பு. பேருந்துச் செலவு, கூலி இழப்பு, வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமை எனக் காரணங்கள் உண்மையானவையே. பெற்றோரைக் குறைகூறுவதற்கு இதில் இடமில்லை. ஆயினும், நிறுத்துவதற்கு முன்பு மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்களுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவி உண்டு.

ஒரே ஆண்டில்

சுப்பாராவின் ஆய்வுக்கூடத்திலிருந்து அதே காலத்தில் வேறு இரு மருந்துகளும் வெளிவந்தன. ஒன்று, யானைக்கால் நோய்க் கிருமியை ரத்தத்திலிருந்து நீக்கும் டை எத்தில் கார்பமசின். நம் நாட்டில் 2004 முதல் யானைக்கால் ஒழிப்புக்காக நோய் பரவிய மாவட்டங்களில் வீடுதோறும் வழங்கப்பட்ட மாத்திரை அதுவே. மற்றொன்று, ஓய்வு பெற்ற பின் அங்கு வந்து சேர்ந்த பெஞ்சமின் டக்கர் என்னும் முதிய தாவரவியலாளர் மண்ணிலிருந்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து கண்ட குளோர்டெட்ராசைக்ளின். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் உறுப்பினர் இது. அக்குடும்பத்தில் பின்னர் வந்த டாக்சிசைக்ளின் இன்றும் உண்ணிக் காய்ச்சலுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தரப்படுகிறது.

1948 ஜூலையில் குளோர்டெட்ராசைக்ளின் அறிவிக்கப்பட்டது. ஃபார்பரின் கட்டுரை வெளிவந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. ஆகஸ்ட் மாதம் 8ஆம் நாள் இரவு உறங்கச் சென்ற சுப்பாராவ் மாரடைப்பால் உறக்கத்திலேயே இறந்தார். வயது 53. இறுதி வரை அவர் அமெரிக்கக் குடிமகனாக ஆகவில்லை. தம் ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்து ஒரு புற்றுநோயை முற்றாகக் குணப்படுத்தியதைக் காண அவர் இருக்கவில்லை. 1956இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் மின் சியு லீயும் ராய் ஹெர்ட்சும் மெதோட்ரெக்சேட்டைக் கொண்டு, கருப்பையில் நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து தோன்றி நுரையீரலுக்குப் பரவும் கோரியோகார்சினோமா என்னும் புற்றுநோயைத் தீர்த்துக் காட்டினர்.

இனி, ஹார்வர்டில் சுப்பாராவோடு ஒரே துறையில் இருந்த ஜார்ஜ் ஹிச்சிங்ஸ். போலி மூலக்கூறால் அணுவின் நெசவை நிறுத்துவது என்னும் அதே வழியில், வேறு நூலை எடுத்துக்கொண்டு, கெர்ட்ரூட் எலியனுடன் சேர்ந்து அவர் மெர்காப்டோபியூரின் என்னும் மருந்தை உருவாக்கினார். ரத்தப் புற்றுநோயுள்ள குழந்தையின் மருந்துப் பொட்டலத்தில் வாரம் ஒரு முறை உண்ணும் மெதோட்ரெக்சேட்டுக்கு அருகில், நாள்தோறும் உண்ணும்படி வைக்கப்படும் மாத்திரை அது. அதிலிருந்து வந்த அசதியோபிரின், உடல் எதிர்ப்பாற்றலைக் கட்டுப்படுத்துவது தெரியவந்தது. பிறருடைய சிறுநீரகத்தை உடல் அயலான் எனக் கருதித் தாக்காமல் இருக்க, 1962இல் பாஸ்டனில் ஜோசப் முரே அதனைப் பயன்படுத்தினார். இறந்தவரிடமிருந்து பெற்ற சிறுநீரகம் நோயாளியின் உடலில் நீண்ட காலம் இயங்கியது அதுவே முதன்முறை. ஆர்.கே.பேட்டையிலிருந்து சோளிங்கர் வழியே செல்லத்தக்க வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை வெற்றிகரமாகச் செய்யப்பட்டது. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையிலும் மெதோட்ரெக்சேட்டுக்கு இடமுண்டு. கொடையாளரின் அணுக்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்காமல் தடுக்க, மாற்றிய பின் வரும் சில குறித்த நாட்களில் சிறு அளவில் அது செலுத்தப்படுகிறது. புற்றுநோய் மருந்தும் உறுப்பு மாற்று மருந்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருப்பதன் காரணம், இரண்டும் விரைந்து பெருகும் அணுக்களைக் கட்டுப்படுத்துவதே.

ஹிச்சிங்சும் எலியனும் 1988இல் நோபல் பரிசு பெற்றனர். சுப்பாராவுக்கு அது கிடைக்கவில்லை. அவருடைய நினைவாக 1995இல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டது. பூஞ்சை வகை ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மூட்டு நோய், சொரியாசிஸ் ஆகியவற்றுக்கு மெதோட்ரெக்சேட் மாத்திரை எழுதப்பட்டிருந்தால் வாரத்தில் எந்தக் கிழமை என்பதை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு, சீட்டிலும் மாத்திரை அட்டையிலும் கிழமையின் பெயரை எழுதி வாங்குங்கள். படிக்கத் தெரியாத முதியவராயின் வீட்டில் ஒருவர் அப்பொறுப்பை ஏற்க வேண்டும். தவறுதலாக நாள்தோறும் உண்டதால் உயிரிழப்புகள் உலகெங்கும் நேர்ந்துள்ளன. ஒரு வாரம் மறந்துவிட்டால் அடுத்த வாரம் இரட்டிப்பாக உண்ணலாகாது. ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அளவும் நாளும் வேறுபடும். அங்கே மருத்துவர் எழுதிய அட்டவணையே முடிவானது. அச்சிகிச்சையில் இருப்போர் ஃபோலிக் அமிலம் கலந்த சத்து மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்பதும் கூடாது. காரணத்தை ஃபார்பரின் தோல்வியில் கண்டோம்.

வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமலோடு மூச்சுத் திணறல், தோலில் ரத்தத் திட்டுகள், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அடுத்த வேளை மருந்தை உண்ணுமுன் மருத்துவமனையை அணுக வேண்டும். வேறு நோய்க்காக மருந்து வாங்க நேரும்போது, குறிப்பாக வலிநிவாரணிகளும் கோட்ரைமாக்சசோல் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும் வாங்குமுன், மெதோட்ரெக்சேட் உண்பதைக் கட்டாயம் தெரிவியுங்கள். மது அருந்துதல் கூடாது. கருவுற்றிருப்போரும் கருவுற எண்ணுவோரும் இதனை உண்ணலாகாது. கருவின் நெசவும் ஃபோலிக் அமிலத்தைக் கொண்டே நிகழ்கிறது. ஐயம் எழும் நேரத்தில் 104 என்னும் எண்ணில் அரசின் மருத்துவ ஆலோசனையைப் பெறலாம். அழைக்கும்போது மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசியாக உண்ட நாளைக் கூறுங்கள்.